வாசகர் கேள்வி, மருத்துவர் பதில்: மூலமா, சூடா, குடல் அழற்சியா?

குடல் நலம் பற்றி எழுதுங்கள் என்று கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் ஒரே கவலை திரும்பத் திரும்பத் தெரிந்தது: மாதக்கணக்கில் பேதி, மலத்தில் ரத்தம், காரணம் மட்டும் பிடிபடவில்லை. கோலாலம்பூர், பினாங்கு வாசகர்களின் ஏழு கடிதங்களுக்குக் குடல் நோய் மருத்துவர்கள் இங்கே பதில் தருகிறார்கள்.

கேள்வி: எனக்கு வயது 27. சாமான் கொண்டுபோய்க் கொடுக்கும் வேன் ஓட்டுகிறேன். இரண்டு மாதமாக ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை வெளிக்குப் போகிறது. ரத்தமும் சளியும் கலந்து வருகிறது. வந்தால் அடக்க முடியவில்லை. விடியற்காலை மூன்று மணிக்கே எழுந்து ஓடுகிறேன். பக்கத்துக் கிளினிக்கில் மூலம் என்று சொல்லிக் களிம்பு கொடுத்தார்கள். அம்மா உடம்புச் சூடு என்கிறார். பார்லித் தண்ணீர், இளநீர் எல்லாம் குடித்துப் பார்த்துவிட்டேன். இது மூலம்தானா டாக்டர்?
(வாசகர், செந்தூல்)

பதில்: தம்பி, நீங்கள் எழுதியிருப்பதில் மூன்று விஷயங்கள் மூலத்தோடு பொருந்தவில்லை. மூலத்தில் ரத்தம் மலத்தின் மேல் கோடு போல் படியும், அல்லது போய் முடித்த பிறகு பளீரென்று சொட்டும். மலம் பெரும்பாலும் கெட்டியாகவே இருக்கும். உங்களுக்கோ ரத்தம் சளியோடு கலந்து வருகிறது. அடுத்தது, அடக்க முடியாத அவசரம். மூன்றாவது, தூக்கத்திலிருந்தே எழுப்பிவிடுவது. ஐ.பி.எஸ். என்கிற குடல் தொல்லை பகலில் பாடாய்ப் படுத்தும். ஆனால் அசந்து தூங்குகிறவரை மூன்று மணிக்கு எழுப்புவது அரிது, ரத்தமும் வராது. ஆகவே மலக்குடலிலோ அதற்கு மேலே பெருங்குடலிலோ உட்சுவர் புண்ணாகியிருக்கிறது என்றுதான் சந்தேகப்பட வேண்டும். களிம்பு கொடுத்தவர் கையுறை போட்டு ஆசனவாயைச் சோதித்தாரா? சோதிக்காமல் சொன்ன மூலம் வெறும் ஊகம். மூலமும் குடல் அழற்சியும் ஒருவருக்கே சேர்ந்து இருப்பதும் உண்டு.

குடல் அழற்சி நோய் என்று நாங்கள் சொல்வது இரண்டு நோய்களை. ஒன்று அல்சரேட்டிவ் கொலைட்டிஸ். இது மலக்குடலில் தொடங்கி, இடைவெளி விடாமல் மேல்நோக்கிப் படரும். பெருங்குடலின் உள்தோலை மட்டுமே தின்னும். இன்னொன்று குரோன் நோய். வாயிலிருந்து ஆசனவாய் வரை எங்கும் வரலாம். நடுவில் நல்ல இடத்தை விட்டுவிட்டுத் தாக்கும், குடல் சுவரின் முழு கனத்தையும் துளைக்கும். இரண்டிலும் உடலின் தற்காப்பு அணுக்கள் அடங்காமல் சொந்தக் குடலையே தாக்கிக்கொண்டிருக்கின்றன. இந்தக் கடிதம் முதல் வகையை நினைவூட்டுகிறது.

ஆனால் முதலில் தொற்றை விலக்க வேண்டும். கெட்டுப்போன சாப்பாட்டால் வரும் பேதி பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் அடங்கிவிடும். 4 வாரம் தாண்டினால் அது நாள்பட்ட பேதி, வேறு காரணம் தேட வேண்டும். எனவே மலத்தில் கிருமி வளர்ப்புச் சோதனை, அமீபா போன்ற ஒட்டுண்ணிச் சோதனை இரண்டும் தேவை. கடந்த 3 மாதத்தில் ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டிருந்தால் குளோஸ்ட்ரிடியம் டிஃபிசில் என்ற கிருமியின் நச்சுச் சோதனையும் சேரும். பால்வினைத் தொற்றும் மலக்குடலில் இதேபோல் ரத்தமும் சளியும் வரச் செய்யும். மருத்துவர் அதைப் பற்றிக் கேட்டால் கூச்சப்படாமல் உண்மையைச் சொல்லிவிடுங்கள். ஒரு சோதனையில் தீரக்கூடியதை மறைத்தால் மாதங்கள் வீணாகும். ரத்தத்தில் ஹீமோகுளோபின், தட்டணுக்கள், அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி., புரதமான அல்புமின், இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின், உப்புச்சத்து பார்க்கச் சொல்லுங்கள். ஃபெரிட்டின் விஷயத்தில் ஒரு சூட்சுமம் உண்டு. உடலில் அழற்சி இருக்கும்போது அந்த எண் தானாகவே ஏறிவிடும். அதனால் 100க்குக் கீழே இருந்தாலே இரும்புச்சத்துக் குறைவு இருக்கலாம். 'சாதாரண அளவு' என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து நிம்மதியாகிவிட முடியாது.

இன்றிலிருந்து ஏழு நாள் கைப்பேசியில் குறித்து வையுங்கள்: எத்தனை தடவை, அதில் இரவில் எத்தனை, ரத்தம் எத்தனை தடவை, போன பிறகும் மிச்சம் இருப்பது போன்ற உணர்வு இருந்ததா, காலையில் உடல் எடை எவ்வளவு. ரத்தத்தைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அருவருப்பாகத் தோன்றலாம், மருத்துவருக்கு அது அரை மணி நேரப் பேச்சுக்குச் சமம். சிவப்பு டிராகன் பழமும் பீட்ரூட்டும் மலத்தைச் சிவக்க வைக்கும் என்பதால் அந்த வாரம் அவற்றைத் தொடாதீர்கள்.

பேதியை நிறுத்தும் லோப்பரமைட் மாத்திரையை நீங்களாக வாங்கிச் சாப்பிட வேண்டாம். கடுமையான அழற்சியில் குடலை முடக்கினால் பெருங்குடல் ஊதி வெடிக்கும் நிலைக்குப் போகலாம். பொன்ஸ்தான், வோல்டரன், புரூஃபன் வகை வலி மாத்திரைகளும் புண்ணைக் கிளறும். வலிக்குப் பனடோல் போதும்.

எப்போது அவசரப் பிரிவுக்கு ஓட வேண்டும் என்பதற்கு 1955ல் ஆக்ஸ்ஃபர்டில் ட்ரூலவ், விட்ஸ் இருவரும் வகுத்த அளவை இன்றும் பயன்படுத்துகிறோம். ரத்தத்தோடு ஒரு நாளைக்கு 6 தடவையோ அதற்கு மேலோ போகிறது. அதோடு நாடித்துடிப்பு 90க்கு மேல், அல்லது காய்ச்சல் 37.8 டிகிரிக்கு மேல், அல்லது ஹீமோகுளோபின் 10.5க்குக் கீழ், அல்லது அழற்சியைக் காட்டும் ரத்தச் சோதனையான இ.எஸ்.ஆர். 30க்கு மேல். இந்த நான்கில் ஒன்று சேர்ந்தாலே மருத்துவமனையில் படுத்துத்தான் ஆக வேண்டும். நீங்கள் ஐந்தாறு தடவை என்று எழுதியிருக்கிறீர்கள், அந்தக் கோட்டின் மேலேயே நிற்கிறீர்கள். நாடியும் காய்ச்சலும் இப்போதே பாருங்கள். கோடு தாண்டவில்லை என்றால் இந்த வாரமே அரசாங்க கிளினிக்குக்குப் போங்கள். குடிமக்களுக்கு 1 வெள்ளிதான். குடல் நோய்ப் பிரிவுக்குப் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையத்திலும் சிலாயாங் மருத்துவமனையிலும் அந்தப் பிரிவு இருக்கிறது. கடிதத்தில் 'மூலம்' என்று எழுதினால் வரிசையில் பின்னால் போய்விடுவீர்கள். 'இரண்டு மாதமாக ரத்தப் பேதி, இரவிலும்' என்று எழுதச் சொல்லுங்கள்.

கேள்வி: வயது 34. நான்கு மாதமாக வயிறு சரியில்லை, மலம் இளகிப் போகிறது. ரத்தம் இல்லை. தனியார் ஆய்வகத்தில் கால்புரொடெக்டின் பார்த்தேன், 180 வந்தது. சி.ஆர்.பி. சாதாரணம். ஒரு மருத்துவர் திரும்பப் பார்க்கலாம் என்கிறார், இன்னொருவர் உடனே கொலோனோஸ்கோப்பி என்கிறார். மாதவிலக்கு வலிக்கு அடிக்கடி பொன்ஸ்தான் சாப்பிடுவேன். யார் சொல்வதைக் கேட்பது?
(வாசகி, பட்டர்வொர்த்)

பதில்: கால்புரொடெக்டின் என்பது வெள்ளை அணுக்களுக்குள் இருக்கும் ஒரு புரதம். குடல் சுவரில் அழற்சி இருந்தால் அந்த அணுக்கள் குடலுக்குள் கசியும், புரதம் மலத்தோடு வெளியே வரும். கிராமுக்கு 50 மைக்ரோகிராமுக்குக் கீழ் இருந்தால் குடல் அழற்சி நோய் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. 250ஐத் தாண்டினால் கொலோனோஸ்கோப்பி, அதாவது ஆசனவாய் வழியே கேமராக் குழாய் விட்டு உள்ளே பார்த்தே ஆக வேண்டும். நீங்கள் இருப்பது இரண்டுக்கும் நடுவே. அங்கே எண்ணை விடச் சூழ்நிலைதான் பேசும்.

உங்கள் சூழ்நிலையில் பொன்ஸ்தான் இருக்கிறது. அந்த வகை மாத்திரைகள் சிறுகுடலில் புண் உண்டாக்கும், இந்த எண்ணை ஏற்றியும் விடும். ஒமெப்ரஸோல் போன்ற கேஸ்ட்ரிக் மாத்திரைகளும் ஏற்றும். ஆகவே ரத்தம், எடை குறைவு, ரத்தசோகை, இரவில் போவது இவற்றில் ஒன்றும் இல்லை என்றால் முதல் மருத்துவர் சொல்வதுதான் சரி. வலி மாத்திரையை நிறுத்தி 4 முதல் 6 வாரம் கழித்துத் திரும்பச் சோதியுங்கள். ஒமெப்ரஸோல் சாப்பிடுகிறீர்கள் என்றால் நிறுத்தலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். அப்போதும் 250க்கு மேல் போனாலோ, மேலே சொன்னவற்றில் ஒன்று தலைகாட்டினாலோ இரண்டாம் மருத்துவர் சொன்னதற்கு வந்துவிடுங்கள். சி.ஆர்.பி. சாதாரணம் என்பதை மட்டும் நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் நன்றாக முற்றியிருக்கும்போதும் அது ஏறாமல் இருப்பது உண்டு.

மாதிரி எடுப்பதில்தான் பலருக்குத் தவறு நடக்கிறது. காலையில் முதல் மலம் நல்லது. கழிவறைத் தண்ணீரிலோ சிறுநீரிலோ படக் கூடாது. கிண்ணத்தின் மேல் நெகிழித் தாள் விரித்துப் பிடித்து, இரண்டு மூன்று இடத்திலிருந்து நிலக்கடலை அளவு எடுங்கள். மாதவிலக்கு நாள்களில் எடுக்க வேண்டாம். அன்றே கொடுக்க முடியாவிட்டால் குளிர்பெட்டியில் வையுங்கள். நம் ஊர் வெயிலில் மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் அரை நாள் கிடந்த மாதிரியை நம்ப முடியாது. இரண்டாம் தடவையும் அதே ஆய்வகத்துக்கே போங்கள். ஆய்வகத்துக்கு ஆய்வகம் முறை வேறுபடுவதால் எண்களை ஒப்பிட முடியாது.

கேள்வி: என் மகனுக்கு 19 வயது. ஆசனவாய் அருகே சீழ்க்கட்டி வந்து இரண்டு தடவை கீறி எடுத்தார்கள். வலது அடிவயிற்றில் வலி, வாயில் அடிக்கடி புண், ஒரு வருடத்தில் 8 கிலோ குறைந்துவிட்டான். கொலோனோஸ்கோப்பியில் சிறுகுடல் முடிவில் புண் இருக்கிறதாம். குரோன் நோயாகவும் இருக்கலாம், குடல் காசநோயாகவும் இருக்கலாம் என்கிறார்கள். அவனுக்கு இருமலே இல்லையே? ஏன் மருந்தை ஆரம்பிக்காமல் இழுக்கிறார்கள்?
(ஒரு தந்தை, செராஸ்)

பதில்: ஐயா, உங்கள் தவிப்பு புரிகிறது. ஆனால் இந்தத் தாமதம் உங்கள் மகனைக் காப்பாற்றுவதற்காகத்தான். குரோன் நோய்க்குக் கொடுக்கும் ஸ்டீராய்டும் அதற்குப் பிறகு வரும் ஊசிகளும் தற்காப்பு அணுக்களை அடக்குகின்றன. உள்ளே காசநோய்க் கிருமி இருந்தால் அதற்குக் கதவைத் திறந்துவிட்டது போல் ஆகும். உடலெங்கும் பரவி உயிருக்கே ஆபத்தாகும். மலேசியாவில் காசநோய் இன்னும் பரவலாக இருப்பதால் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போகவே முடியாது.

இருமல் இல்லை என்பதும், நெஞ்சுப் படம் சுத்தமாக இருக்கிறது என்பதும் குடல் காசநோயை விலக்காது. இரண்டு நோயும் சிறுகுடல் முடிந்து பெருங்குடல் தொடங்கும் அதே மூலையில்தான் குடியேறும். 1932ல் நியூயார்க்கில் பரில் குரோனும் அவருடைய இரு கூட்டாளிகளும் இந்த நோயைத் தனியாகப் பிரித்துக் காட்டும் வரை, இத்தகைய குடலைப் பலரும் காசநோய் என்றே எண்ணினார்கள்.

வேறுபடுத்தும் தடயங்கள் உண்டு. குடலின் நீளவாக்கில் ஓடும் புண், உருளைக்கல் பரப்பியது போன்ற மேடுபள்ளம், நடுவில் நல்ல இடம் விட்டுத் தாக்குதல், ஆசனவாய்ப் பக்கம் சீழ்க்கட்டி அல்லது பௌத்திரம் (குடலிலிருந்து தோல் வரை துளைத்து வரும் சீழ்ப்பாதை): இவை குரோனின் பக்கம் சாயும். குறுக்குவாட்டில் வளையமாக ஓடும் புண், சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்தில் வாயைப் பிளந்து நிற்கும் குடல் வால்வு, வயிற்று நிணநீர்க் கட்டிகளின் நடுப்பகுதி செத்துப்போயிருப்பது: இவை காசநோயின் பக்கம். உங்கள் மகனுக்கு இரண்டு தடவை வந்த சீழ்க்கட்டி முக்கியமான தடயம். கீறிய மருத்துவர் குடலைப் பற்றிக் கேட்காமல் விட்டிருந்தால் அது வருத்தத்துக்குரியது. இளம் வயதில் அந்த இடத்தில் திரும்பத் திரும்பக் கட்டி வந்தால் குரோனை நினைக்க வேண்டும். பௌத்திரம் எப்படி ஓடுகிறது என்று இடுப்பு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்ப்பார்கள்.

எடுத்த சதைத் துணுக்குகளில் ஒரு பகுதி நுண்ணோக்கிக்குப் போகும். இன்னொரு பகுதி ஃபார்மலின் சேர்க்காமல் கிருமி வளர்ப்புக்குப் போக வேண்டும்; ஃபார்மலினில் போட்டால் கிருமி செத்துவிடும், வளர்க்க முடியாது. அனுப்பினார்களா என்று கேளுங்கள். வளர்ப்பின் முடிவு வர 6 முதல் 8 வாரம் ஆகும். காசநோய்க் கிருமியின் மரபணுவைத் தேடும் ஜீன்எக்ஸ்பர்ட் சோதனை இரண்டு மணி நேரத்தில் பதில் தரும். ஆனால் குடல் துணுக்கில் 'இல்லை' என்று வந்தால் அதை வைத்துக் காசநோய் இல்லை என்று சொல்ல முடியாது. எல்லாம் பார்த்தும் தெளியாவிட்டால் காசநோய் மருந்தைக் கொடுத்து, 2 அல்லது 3 மாதம் கழித்து மறுபடி கொலோனோஸ்கோப்பி செய்வார்கள். காசநோய் என்றால் அதற்குள் புண் ஆறியிருக்கும். வலி குறைந்ததா என்பதை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. புண் ஆறியதைக் கண்ணால் பார்க்க வேண்டும்.

இதற்கிடையில் சத்துணவு நிபுணரைப் பார்க்கக் கேளுங்கள். 8 கிலோ குறைந்த உடம்பு எந்த மருந்தையும் தாங்கச் சிரமப்படும். தம்பி சிகரெட் பிடிப்பவர் என்றால் இன்றே நிறுத்தட்டும். குரோனை அது நிச்சயம் மோசமாக்கும்.

கேள்வி: வயது 41. அடுத்த மாதம் கொலோனோஸ்கோப்பி. இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறேன். குடலைச் சுத்தம் செய்யும் மருந்தை நினைத்தாலே பயமாக இருக்கிறது. என்ன சாப்பிடலாம், என்ன கூடாது?
(வாசகி, ஜெலுத்தோங், பினாங்கு)

பதில்: சகோதரி, இரும்பு மாத்திரையை 7 நாளுக்கு முன்பே நிறுத்துங்கள். அது மலத்தைக் கறுப்பாக்கிக் குடல் சுவரில் பசை போல் ஒட்டிக்கொள்ளும். நீரிழிவு மாத்திரை, இன்சுலின், ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை இருந்தால் அவற்றை என்ன செய்வது என்று மருத்துவமனையில் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

மூன்று நாளுக்கு முன்பிருந்து சக்கை இல்லாத சாப்பாடு: வெள்ளைச் சோறு, கஞ்சி, வெள்ளை ரொட்டி, இட்லி, முட்டை, மீன், தோல் நீக்கிய கோழி. கீரை, முருங்கைக்காய், கொய்யா, தேங்காய்ச் சட்னி, பருப்பு, ஆட்டா சப்பாத்தி, விதையோடு அரைத்த மிளகாய்ச் சம்பல் வேண்டாம். மிளகாய் விதைகளும் தக்காளி விதைகளும் குழாயின் உறிஞ்சும் வாயை அடைத்துக்கொள்ளும். முந்தைய நாள் தெளிந்த நீராகாரம் மட்டும்: வடிகட்டிய சூப், பால் இல்லாத தே ஓ, குளுக்கோஸ் தண்ணீர், வடிகட்டிய பார்லி. ரோஸ் சிரப், திராட்சைச் சாறு கூடாது. உள்ளே சிவப்பாகத் தெரிந்தால் ரத்தமோ என்று குழம்பும்.

மருந்துப் பொடி பெரும்பாலும் பாலிஎத்திலீன் கிளைக்கால் வகைதான். மொத்தம் 2 முதல் 4 லிட்டர், உங்களுக்கு எவ்வளவு என்று மருத்துவமனை சொல்லும். எல்லாவற்றையும் முதல் நாளே குடித்துத் தீர்த்துவிடுவது பலர் செய்யும் பிழை. பாதியை முந்தைய மாலையும், மீதியைச் சோதனைக்கு 4 முதல் 6 மணி நேரத்துக்கு முன்பும் குடித்தால்தான் குடலின் வலப்பக்கம் சுத்தமாகும். காலைச் சோதனை என்றால் அலாரம் வைத்து நடுச்சாமத்தில் எழ வேண்டியிருக்கும். அந்தச் சிரமத்துக்குப் பலன் உண்டு. குளிரவைத்து, உறிஞ்சு குழலால், 10 அல்லது 15 நிமிடத்துக்கு ஒரு 250 மில்லி குவளை. குமட்டினால் அரை மணி நேரம் நிறுத்தித் தொடருங்கள். கடைசியில் வருவது தெளிந்த மஞ்சள் நீராக இருந்தால் தயார். கலங்கலாகவே இருந்தால் போய்ச் சேர்ந்ததும் தாதியிடம் சொல்லுங்கள்.

சோடியம் பாஸ்பேட் வகை மருந்து கொடுத்தால் ஒரு வார்த்தை கேளுங்கள். அது தானே குடலில் சிறு புண்களை உண்டாக்கும், குரோன் போலவே தெரியும். அழற்சியைத் தேடும்போது அந்தக் குழப்பம் வேண்டாம். ரத்தப் பேதி கடுமையாக இருப்பவருக்கு இந்தச் சுத்திகரிப்பே ஆபத்து. அவர்களுக்குக் குறுகிய குழாயால் இடப்பக்கம் மட்டும் பார்த்தாலே போதும்.

பரிசோதகரிடம் இரண்டு கேள்வி கேட்டு வையுங்கள். சிறுகுடல் முனைக்குள்ளும் நுழைந்து பார்ப்பீர்களா? நன்றாகத் தெரியும் இடத்திலிருந்தும் துணுக்கு எடுப்பீர்களா? சிறுகுடல் முனையும் மலக்குடலும் உட்படக் குறைந்தது ஐந்து இடங்களில், இடத்துக்கு இரண்டு துணுக்காவது எடுப்பதுதான் முறை. கண்ணுக்கு நல்லதாகத் தெரியும் இடத்தில் நுண்ணோக்கி அழற்சியைக் காட்டுவது உண்டு. துணுக்கு எடுப்பது வலிக்காது, உள்தோலுக்கு அந்த உணர்ச்சி இல்லை. மயக்க ஊசி போடுவதால் 24 மணி நேரம் வண்டி ஓட்டாதீர்கள், கூட ஆள் அழைத்துப் போங்கள்.

கேள்வி: நாசி கண்டாரும் காரமும்தான் இந்த நோய்க்குக் காரணமா? நம்மவர்களுக்கு அதிகமாக வருகிறதாமே?
(வாசகர், பிரிக்ஃபீல்ட்ஸ்)

பதில்: காரம் இந்த நோயை உண்டாக்காது. புண் இருக்கும் குடலில் எரிச்சலைக் கூட்டும், அவ்வளவுதான். மலேசிய இந்தியர்களிடம், குறிப்பாக அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், மலாய்க்காரர்களையும் சீனர்களையும் விட அதிகமாகக் காணப்படுகிறது என்பது உண்மை. உள்நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அப்பா, அம்மா, கூடப்பிறந்தவர்களுக்கு இருந்தால் உங்களுக்கு வரும் வாய்ப்பு கூடும், ஆனாலும் நோயாளிகளில் பெரும்பாலோருக்குக் குடும்பத்தில் வேறு யாருக்கும் இருப்பதில்லை. மலக்குடலோடு நிற்கும் கொலைட்டிஸ் பேதிக்குப் பதில் மலச்சிக்கலாகவும் தொடங்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். முக்கி முக்கிப் போய் ரத்தமும் சளியும் மட்டும் வந்தால் அதையும் காட்ட வேண்டும்.

கேள்வி: ஒருவர் கொடுத்த மூலிகை மாத்திரையில் ரத்தப் பேதி நான்கே நாளில் நின்றது. நிறுத்தினால் ஒரு வாரத்தில் திரும்பி வருகிறது. தொடரலாமா? முகம் கொஞ்சம் உப்பியிருக்கிறது.
(வாசகி, ஆயர் ஈத்தாம், பினாங்கு)

பதில்: அம்மா, நான்கு நாளில் நிற்பது, விட்டால் திரும்புவது, முகம் உப்புவது: மூன்றும் சேர்ந்தால் அந்த மாத்திரையில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். டெக்சாமெத்தாசோன் கலந்த நாட்டு மருந்துகள் நம் நாட்டில் பலமுறை பிடிபட்டிருக்கின்றன. புட்டியில் 'மால்' என்று தொடங்கும் பதிவெண்ணும் ஹோலோகிராம் முத்திரையும் இருக்கிறதா என்று பாருங்கள். ஆனால் இன்றைக்கே சட்டென்று நிறுத்திவிடாதீர்கள். வாரக்கணக்கில் சாப்பிட்டிருந்தால் உடலின் சொந்த ஸ்டீராய்டு சுரப்பு தூங்கிப் போயிருக்கும், திடீரென்று விட்டால் ரத்த அழுத்தம் விழுந்து மயக்கம் வரும். புட்டியோடு நாளைக்கே மருத்துவரிடம் போங்கள். ஸ்டீராய்டு அழற்சியை மூடி மறைப்பதால், கொலோனோஸ்கோப்பி செய்யப்போகிறவரிடமும் இதைச் சொல்வது மிக அவசியம்.

கேள்வி: என் மகளுக்கு 13 வயது. இரண்டு வருடமாக உயரம் ஏறவே இல்லை. வயதுக்கும் வரவில்லை. ரத்தசோகைக்கு மாத்திரை கொடுத்தும் தேறவில்லை. சில நாள் வயிறு வலிக்கிறது என்பாள், பேதி கிடையாது. வீட்டில் எல்லாரும் 'நம் குடும்பமே குட்டைதான்' என்கிறார்கள்.
(ஒரு தாய், கெப்போங்)

பதில்: குட்டையான குடும்பத்துப் பிள்ளையும் வருடா வருடம் தன் அளவுக்கு வளர்ந்துகொண்டே இருப்பாள். வளர்ச்சி நின்றுவிட்டது என்பது வேறு விஷயம், அதற்குக் காரணம் தேடித்தான் ஆக வேண்டும். பிள்ளைகளுக்குக் குரோன் நோய் பேதியே இல்லாமல், வளராத உயரமாகவும் தீராத ரத்தசோகையாகவும் மட்டும் வெளிப்படுவது உண்டு. கால்புரொடெக்டின், ரத்த எண்ணிக்கை, அல்புமின், தைராய்டு, கோதுமையிலுள்ள குளூட்டன் புரதத்தால் தற்காப்பு அணுக்கள் குடலைத் தாக்கும் சீலியக் நோய்க்கான ரத்தச் சோதனை, எலும்பின் வயதைக் காட்டும் இடக்கை எக்ஸ்ரே ஆகியவற்றைக் கேளுங்கள். சீலியக் சோதனை முடியும் வரை ரொட்டியையும் சப்பாத்தியையும் நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் நோய் இருந்தும் இல்லை என்று காட்டும். குழந்தைகளுக்கான குடல் நோய் மருத்துவரிடம் பரிந்துரை வாங்குங்கள். எலும்பு முனைகள் மூடிக்கொண்டால் இழந்த உயரம் திரும்பாது, ஆகவே அடுத்த பள்ளி விடுமுறை வரை காத்திருக்க வேண்டாம்.

போகும்போது கிளினிக்கில் கொடுத்த குழந்தைப் புத்தகத்தையும், பள்ளியில் எடுத்த உயர எடைக் குறிப்புகளையும் கொண்டு போங்கள். வீட்டுக் கதவு நிலையில் பென்சிலால் உயரக் கோடு போட்டு வைத்திருக்கிறீர்கள் என்றால், தரையிலிருந்து ஒவ்வொரு கோட்டையும் அளந்து, தேதியோடு எழுதி அதையும் கொடுங்கள்.